யானையின் பாதையில் பத்து ரூபாய்

மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வைத்ததும் நீலகிரியின் காட்டோரங்களிலிருந்து கண்ணாடி குறைந்தது. தடை மட்டுமே விதிக்கப்பட்ட பிளாஸ்டிக், மருதமலையில் ஒரு யானையின் குடல்வரை போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே மலைத்தொடரில்தான் நடந்தன.

2025 மே 17. கோவை மருதமலை அடிவாரம். பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு பெண் யானை எழ முடியாமல் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி. எழுந்திரு என்று சொல்வதுபோல் தாயின் உடம்பைத் தும்பிக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் விரைந்து வந்தார்கள். கிரேன் வரவழைத்து, வயிற்றுக்கடியில் பெல்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீரில் இருந்தால் உடல் பாரம் குறைந்து கால்கள் ஊன்ற வழி பிறக்கும் என்று பள்ளம் வெட்டித் தண்ணீர் நிரப்பியும் சிகிச்சை தந்தார்கள். கோவை மக்கள் ஒவ்வொரு வேளையும் செய்தியைக் கேட்டபடி இருந்தார்கள். மே 20 அன்று யானை இறந்தது.

பிரேதப் பரிசோதனையில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. யானை சினையாக இருந்தது. அதன் குடலில் பிளாஸ்டிக் கழிவுகள் கிடந்தன.

அந்த யானையைப் பிளாஸ்டிக் மட்டுமே கொன்றது என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. நோயுற்ற யானையின் உடம்பில் பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துபோகும். ஆனால் காட்டில் மேயும் ஒரு விலங்கின் குடலுக்குள் கடைத்தெருவின் குப்பை எப்படிப் போனது என்ற கேள்விக்கு விடை தேடத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. சோமையம்பாளையம் ஊராட்சியின் குப்பைக் கிடங்கு காட்டை ஒட்டியே இருந்தது. அங்கே யானைகள் வந்து குப்பையைக் கிளறித் தின்பதை ஊர்மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தார்கள். கிடங்கை இடம் மாற்றச் சொல்லியும் வந்தார்கள். 2022-ன் தொடக்கத்திலேயே மருதமலைப் பகுதியில் கிடந்த யானைச் சாணத்தில் பால் உறைகளும் முகக்கவசங்களும் இருந்ததைப் படத்தோடு செய்தி ஏடுகள் வெளியிட்டன. எச்சரிக்கை வந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அந்த யானை விழுந்தது.

இவ்வளவும் நடந்தபோது, தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து ஆறாண்டுகள் முடிந்திருந்தன.

தடை சொன்ன அரசாணை

2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று சட்டமன்றத்தில் 110-வது விதியின்கீழ் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதே மாதம் 25-ம் தேதி அரசாணை வந்தது. 14 வகைப் பொருட்கள். 2019 ஜனவரி 1 முதல் அமல். மத்திய அரசு நாடு முழுவதும் இப்படியொரு தடையைக் கொண்டுவந்தது 2022 ஜூலை 1-ல்தான். அந்த வகையில் தமிழ்நாடு மூன்றரை ஆண்டுகள் முந்திக்கொண்டது. பெருமைப்படலாம்.

அந்த 2019 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். பொங்கல் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர்கள் கையில் தூக்குவாளி இருந்தது. இறைச்சிக் கடைகளில் தாமரை இலையும் தேக்கு இலையும் திரும்பி வந்தன. ஹோட்டலில் சாம்பார் பார்சல் வாங்கப் பாத்திரம் கொண்டுபோனோம். மக்கள் மாறத் தயாராக இருந்தார்கள். மாறியும் காட்டினார்கள். சில மாதங்கள்.

பிறகு பை மெல்லத் திரும்பி வந்தது. காரணம் அரசாணைக்குள்ளேயே இருந்தது. கேரி பேக்குக்குத் தடை. பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு, பால் உறைக்கு விலக்கு. காய்கறிக்காரம்மாவின் பை பறிமுதலாகும். பெரிய நிறுவனத்தின் பளபளக்கும் உறை அடுத்த கடையில் சரமாகத் தொங்கும். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து பிளாஸ்டிக் உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை நிலைத்தது. 2020 ஜூனில் உறைகளுக்கான விலக்கின் பெரும்பகுதியை அரசே திரும்பப் பெற்றது. ஆனால் தாளில் நீங்கிய விலக்கு கடையில் நீங்கவில்லை. இன்றைக்கும் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் நம் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்குவது அந்த உறைகள்தான்.

தடையை ஊருக்குள் அமல்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. ஒரு ஊராட்சியில் இருக்கும் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் தெருவைப் பெருக்குவார்களா, வீடு வீடாகக் குப்பை வாங்குவார்களா, கடை கடையாக ஏறிப் பை தேடுவார்களா? சேர்ந்த குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கே விடை இல்லாத ஊராட்சிகள் ஊர்க்கோடியில் கொட்டின. மலையடிவார ஊர்களுக்கு ஊர்க்கோடி என்பது காட்டின் வாசல்.

---
பெட்டிச் செய்தி: தடையின் நாட்குறிப்பு

2018 ஜூன் 25: 14 வகைப் பொருட்களுக்குத் தடை விதித்து அரசாணை. மத்திய அரசின் 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டே மாநிலம் இதைப் பிறப்பித்தது.

2021 டிசம்பர் 23: ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2022-ல் கோயம்பேடு சந்தையில் வைக்கப்பட்ட இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை வரும்.

2023 அக்டோபர்: பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கான தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நெய்யாத துணிப்பைகள் பற்றி மறுபடி ஆராயச் சொன்னது.

2025 ஏப்ரல்: மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி முழுவதும் தண்ணீர் பாட்டில் உட்பட 28 வகை பிளாஸ்டிக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருதமலை யானை விழுந்தது அடுத்த மாதம்.

---

பாட்டிலின் கதை வேறு

யானையின் உள்ளங்கால் நாம் நினைப்பதுபோல் பாறை அல்ல. தடித்த தோலுக்கு அடியில் மெத்தைபோன்ற கொழுப்புத் திசு இருக்கிறது. அதனால்தான் டன் கணக்கில் எடையுள்ள உடம்பைத் தூக்கிக்கொண்டு சருகுகூட நொறுங்காமல் யானையால் நடக்க முடிகிறது. அந்த மெத்தைக்குள் உடைந்த பாட்டிலின் அடிப்பாகம் ஏறினால் புண் புரையோடும். காட்டு யானையை உட்காரவைத்துக் கட்டுப்போட யாராலும் முடியாது. நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தீனியும் அதற்கேற்ற தண்ணீரும் தேடி நடந்தே ஆகவேண்டிய உயிர் அது. நடை நின்றால் பசி, பசி நீண்டால் சாவு.

நீலகிரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் ஒரு கூட்டம், அரசு மதுக்கடையான டாஸ்மாக்கில் வாங்கியதைக் காட்டோரம், அருவிக்கரை, வளைவுச் சாலையின் ஓரம் என்று உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் எறிந்து உடைத்துவிட்டுப் போவது பல ஆண்டுப் பழக்கம். பாட்டில் சில்லுகளால் யானைகள் காயமடைவது பற்றிய வழக்கு, வன விவகாரங்களை விசாரிக்கும் சென்னை உயர் நீதிமன்றச் சிறப்பு அமர்வின் முன் வந்தது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அரசுக்கு முன்னால் இரண்டு வழிகளை வைத்தது: காலி பாட்டில்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் மலைப்பகுதிகளில் கடைகளை மூட உத்தரவிட வேண்டியிருக்கும்.

கடையை மூடுவது அரசுக்குக் கசப்பு. முதல் வழியைப் பிடித்துக்கொண்டது. 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்டத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கினார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பி வரும். கடையில் விற்றதுதான் என்பதற்கு அடையாளமாகப் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர்.

குடிப்பவர் திருப்பிக் கொடுக்க வருவாரா என்ற சந்தேகம் தொடக்கத்தில் பலருக்கும் இருந்தது. முதல் சில வாரங்களில் பாட்டில்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தன. பிறகு வேகம் பிடித்தது. திரும்பி வரும் பாட்டில்கள் 90 சதவீதத்துக்கும் மேல் என்று டாஸ்மாக் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லும் நிலை வந்தது. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனால்கூட அதை எடுக்க இன்னொருவர் வந்தார். சாலையோரத்தில் கிடந்த பத்து பாட்டில் நூறு ரூபாய். காயலான் கடைக்காரர் சில்லறைக்கு எடுத்த பொருளுக்கு அரசுக் கடையில் முழு நோட்டு கிடைத்தது. காட்டோரத்தை எந்த விழிப்புணர்வுப் பேரணியும் செய்யாத அளவுக்குச் சுத்தப்படுத்தியவர்கள் அந்தப் பொறுக்கிச் சேர்ப்பவர்கள்தான்.

பெரம்பலூர், கோவை என்று திட்டம் பரவியது. பின்னர் தர்மபுரி, தேனி, நாகப்பட்டினம், திருவாரூர், கன்னியாகுமரி எனப் பல மாவட்டங்களுக்கு விரிந்து, மாநிலம் முழுமைக்கும் கொண்டுசெல்லும் கட்டத்துக்கு வந்துசேர்ந்தது.

நாற்று நடும் காலில்

யானைக்காகத் தொடங்கியது என்பதால் இதை மலை மாவட்டங்களின் கதை என்று நினைத்துவிடக் கூடாது. டெல்டாவில் கேட்டால் வேறு யானைகளைக் காட்டுவார்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரல் தொடங்கும்போது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றில் பல, சாலையை விட்டு விலகி ஊர்களுக்குள்ளும் வயலோரங்களுக்கும் இடம் தேடின. பெண்கள் திரண்டு நின்று எதிர்த்த போராட்டங்கள் நினைவிருக்கும். அந்தக் கடைகளைத் தொடர்ந்து பாட்டில்களும் வரப்புக்கு வந்தன, வாய்க்காலுக்கு வந்தன.

சேற்றுக்குள் புதைந்த சில்லு கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோடு இறங்கி நாற்று நடுகிறவரின் பாதம்தான் அதைக் கண்டுபிடிக்கும். அன்றைய கூலி போகும். ஊசி, மருந்து, கட்டு. சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால் காலே போகும் அபாயம். உழவு மாடு, மேயப் போகும் ஆடு, குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கை என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களில் எவரும் அந்தப் பாட்டிலில் இருந்ததைக் குடித்தவர்கள் இல்லை. நாகையிலும் திருவாரூரிலும் திட்டம் வந்தபோது விவசாயிகள் வரவேற்றதில் வியப்பில்லை.

மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. கடை இருக்கும்வரை அதன் கழிவு யார் காலில் ஏறுகிறது என்பதே இங்கே கேள்வி.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

பத்து ரூபாயின் வெற்றியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள். அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம்.

டாஸ்மாக்கில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என 23,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். தொகுப்பூதியம். பெரும்பாலான கடைகள் சிறிய வாடகைக் கட்டடங்கள். சரக்குப் பெட்டிகளை அடுக்கவே இடம் போதாது. மதியம் 12 மணிக்குக் கடை திறக்கும்முன் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். விற்பனை நேரத்தில் ஒரு கையால் பாட்டில் கொடுத்து மறு கையால் காலி பாட்டில் வாங்க வேண்டும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் தகராறு. வாய் உடைந்திருந்தால் தகராறு. போதையில் நிற்பவரிடம் கணக்குச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரவு 10 மணிக்குக் கடை மூடிய பின் குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்று பிரித்து எண்ணிச் சாக்கில் கட்ட வேண்டும். சில்லு கையைக் கிழிக்கும். மிச்ச மதுவின் நாற்றமும் ஈயும் எறும்பும் சேர்ந்த அறையில் மறுநாள் காலை மறுபடி ஸ்டிக்கர்.

இந்தப் பணிக்குத் தனி ஆள் வேண்டும், தனி இடம் வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் போராடின. திட்டத்தை எதிர்க்கிறார்கள் என்று அவர்கள்மீது பழி போடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்டது நியாயம். காட்டைக் காக்க அரசு எடுத்த முடிவின் உடலுழைப்பை ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் நிற்கும் ஊழியர்களின் முதுகில் இறக்கிவைத்தார்கள். ஒரு நல்ல சட்டம் கெட்ட பெயர் எடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பார் நடத்துபவர்களுக்கும் மனக்கசப்பு. டாஸ்மாக் பார் டெண்டர் என்பது தின்பண்டம் விற்கும் உரிமையோடு காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையும் சேர்ந்தது. ஏலத்தொகையைக் கணக்குப் போடும்போதே பாட்டில் வருமானத்தையும் சேர்த்துத்தான் போடுவார்கள். பாட்டில் கவுண்டருக்குத் திரும்பினால் அந்த வரவு போகிறது. ஒரு பத்து ரூபாய் நகர்ந்தால் அதன்பின்னே எத்தனை பேரின் கணக்கு நகர்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கலர் பாட்டில் காலம்

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும். கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். விருந்தாளி வந்துவிட்டார், வீட்டுக்குக் கலர் வேண்டும் என்றால் அண்ணாச்சி பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் தருவார். பாட்டிலைத் திருப்பித் தந்து அந்தக் காசில் மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். எந்தச் சட்டமும் இல்லாமல் ஒரு சமூகம் அதைச் செய்தது. பாட்டில் விலை உயர்ந்த பொருள் என்பதால், கம்பெனிக்கே அது திரும்ப வேண்டியிருந்தது.

பெட் பிளாஸ்டிக் பாட்டில் வந்தபோது கம்பெனிக்கு அந்தத் தேவை நின்றுபோனது. காலிக் குடுவையை ஊருக்கே விட்டுவிட்டுப் போவது மலிவாகிவிட்டது. விட்டுப்போன அந்தச் செலவைத்தான் இன்று ஊராட்சியும் வயலும் யானையும் சுமக்கின்றன. நீலகிரியில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை போட்டு, சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்களை வைத்தார்கள். கொடைக்கானலில் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-ல் அறிவித்தார்கள். இரண்டும் சோதனைச் சாவடியில் காரை நிறுத்தித் தேடும் முறைகள். சாவடியில் நான்கு பேர். கோடை விடுமுறையில் ஆயிரக்கணக்கான வண்டிகள். ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் வரும் வண்டிகளின் டிக்கியை எல்லாம் திறந்து பார்ப்பதுகூட நடக்கிற காரியமில்லை. பாட்டிலின் விலையோடு முன்பணம் சேர்ந்திருந்தால் யாரும் யாரையும் சோதிக்கத் தேவையில்லை.

---
பெட்டிச் செய்தி: சட்டம் செய்யும் அதிகாரம்

யானைகளைக் காக்கச் சென்னை மாகாணம் 1873-லேயே தனிச்சட்டம் இயற்றியது. 1882-ல் வந்த வனச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நம் காடுகளை ஆள்கிறது. தனியார் காடுகளுக்கு 1949-லும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லும் சட்டங்கள் வந்தன.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) நாடாளுமன்றம் இயற்றியது. 1976-ல் 42-வது அரசியலமைப்புத் திருத்தத்தால் காடும் வன உயிர்களும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை.

கனிமங்களுக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் கனிம நிலங்களுக்கான வரிச் சட்டத்தை இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

 

---

மணலிலிருந்து வந்தது

கண்ணாடி என்பது மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் உருகிச் சேர்ந்த பொருள். 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உலை எரிய வேண்டும். பழைய கண்ணாடியைத் தூளாக்கி உலையில் சேர்த்தால் உருக்கும் வெப்பம் குறைவாகவே தேவைப்படும். தோண்ட வேண்டிய மணலும் மிச்சமாகும். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடி தரம் கெடாது. கழுவித் திரும்ப நிரப்பினால் இன்னும் லாபம், உலையே வேண்டாம்.

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை அரசு முழுக்கத் தன் கையில் எடுத்தது 2003-ல். ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டதும் அதே 2003-ல்தான். பாலாறும் காவிரியும் கொள்ளிடமும் அதற்கு முன்பும் பின்பும் என்ன ஆயின என்பதை ஆற்றங்கரைக்காரர்கள் சொல்லக் கேட்டால் நெஞ்சு கனக்கும். இயற்கை வளத்தைக் காக்கும் சட்டங்களைப் பேசும்போது தோண்டும் இடத்தை மட்டும் பார்க்கிறோம். பயன்படுத்திய பொருள் திரும்பி வரும் வழியும் வளப் பாதுகாப்புதான். ஒரு பாட்டில் பத்து முறை சுற்றி வந்தால் ஒன்பது பாட்டிலுக்கான மணல் மண்ணிலேயே இருக்கும்.

பிளாஸ்டிக்குக்கு இந்த வரம் கிடையாது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய சிப்ஸ் உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பெரும்பாலும் சிமென்ட் ஆலை உலையில்தான் முடிகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் சாலைக்குப் போக வேண்டுமென்றாலும் அந்த உறையை முதலில் யாராவது குனிந்து எடுக்க வேண்டும். காசு இல்லாத பொருளுக்கு யார் குனிவார்கள்?

பக்கத்து வீட்டில் நடப்பது

பாட்டில் முன்பணத் திட்டத்தைக் கேரளம் தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் தொடங்கியது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் மாநில அரசின் பெவ்கோ கடைகள் சிலவற்றில் பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். அங்கே மது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது. அதனால் இந்தத் திட்டம் பிளாஸ்டிக்கையும் தொட்டது. நாம் இன்னும் தொடாத இடம் அது.

கோவா 2024-ல் இன்னும் பெரிய அடி வைத்தது. மதுவுக்கு மட்டுமல்லாமல் மக்காத உறைகளுக்கெல்லாம் முன்பணம் என்று திட்டத்தை அறிவிக்கை செய்தது. மது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். மகாராஷ்டிரம் 2018-ல் பிளாஸ்டிக் தடையோடு சேர்த்து, தண்ணீர் பாட்டிலுக்கும் பால் உறைக்கும் காசு திருப்பித் தரும் யோசனையைச் சொன்னது. கடைத்தெருவில் அது நிலைக்கவில்லை. ஆயிரம் கம்பெனி, லட்சம் கடை. யார் வாங்குவது, யார் கணக்கு வைப்பது என்பதிலேயே நின்றுபோனது.

தமிழ்நாட்டில் பாட்டில் திட்டம் நடந்ததற்கு இதையே திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். இங்கே விற்பவர் ஒருவரே, அது அரசு. நீதிமன்றத்துக்கு உத்தரவிட ஒரே முகவரி இருந்தது. தப்பிக்க வழி இல்லாத விற்பனையாளர், எண்ணக்கூடிய பொருள், மக்களுக்குப் புரியும் தொகை. மூன்றும் கூடிவந்தன.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இப்படிக் கூடிவரவில்லை. ஆயினும் 1971-லேயே பாட்டில் முன்பணத்துக்கு அவர்களின் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. தனியார் கம்பெனிகள் எல்லாம் கட்டுப்பட்டன. பல ஆண்டுகள் ஐந்து சென்ட்டாக இருந்த தொகை பழையதாகி, திரும்பி வரும் அளவு சரிந்தபோது 2017-ல் பத்து சென்ட்டாக உயர்த்தினார்கள். சட்டம் என்பதால் அதைத் திருத்த முடிந்தது. நம் பத்து ரூபாயின் மதிப்பும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். அப்போது யார் உயர்த்துவார்கள்? மறுபடி ஒரு வழக்கு, ஒரு யானையின் கால், ஓர் உத்தரவா?

சட்டமன்றம் பேச வேண்டியது

பாட்டில் திட்டம் நீதிமன்ற உத்தரவால் பிறந்தது. நீதிமன்றத்தின் கண்காணிப்பில் வளர்ந்தது. மக்களின் பிரதிநிதிகள் அவையில் விவாதித்து, விதிவிலக்கும் பொறுப்பும் பணக்கணக்கும் வகுத்து நிறைவேற்றிய தனிச்சட்டமாக அது பிறக்கவில்லை. நீதிபதிகள் மாறுவார்கள். வழக்கு முடியும். அதற்குப் பிறகும் திட்டம் நிற்க வேண்டுமென்றால் சட்டத்தின் முதுகெலும்பு தேவை.

முடியாது என்று சொல்ல இடமில்லை. 2017 ஜனவரி 21-ல் ஜல்லிக்கட்டுக்காக அவசரச் சட்டம். 23-ம் தேதி அதே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. மத்திய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையே மாநிலம் திருத்தியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மெரினாவில் லட்சக்கணக்கில் இளைஞர்கள் திரண்டதால் அந்த வேகம் வந்தது என்பது உண்மை. யானைக்காக மெரினாவில் யாரும் திரளமாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். நாற்று நடும் பெண்களின் காலுக்காகவாவது ஒரு மசோதா வரலாமே.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பால் விற்கும் ஆவினும் டாஸ்மாக்கைப்போல அரசின் கைக்குள் இருப்பதுதான். தினமும் லட்சக்கணக்கான பால் உறைகள் அதிகாலையில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. உறைக்கு ஒரு தொகை வைத்து, மறுநாள் பால் போட வருகிறவரே காலி உறையை வாங்கிப்போகும் ஏற்பாட்டைச் செய்து காட்ட முடியும். அங்கே நடந்துகாட்டினால் தனியார் பால் கம்பெனிகளையும் தண்ணீர் பாட்டில் கம்பெனிகளையும் சட்டத்துக்குள் இழுப்பது எளிதாகும். மேற்குத் தொடர்ச்சி மலை மாவட்டங்களில் முதலில் செய்யலாம். நீலகிரி ஏற்கெனவே ஒருமுறை பாடம் நடத்திவிட்டது.

அந்தச் சட்டத்தில் பணத்தைப் பற்றிய பிரிவு மிக முக்கியம். 90 சதவீதத்துக்கும் மேல் திரும்புகிறது என்றால் மீதிப் பாட்டில்களுக்கு வாங்கிய பத்து ரூபாய்கள் இருக்கின்றன. மாநிலம் முழுவதும், ஆண்டு முழுவதும் சேர்ந்தால் அது சிறிய தொகையாக இருக்காது. அது மது வருமானமல்ல. வீசப்பட்ட பாட்டிலைப் பொறுக்குவதற்காகக் குடிப்பவர் முன்கூட்டியே கொடுத்த கூலி. அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, எதற்குச் செலவாகிறது என்பது ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். கவுண்டரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்குக் கூடுதல் ஊதியமும், பாட்டில் எண்ண ஒரு தனி ஆளும், அடுக்க ஒரு தனி அறையும் அதிலிருந்து வரலாம். மிச்சத்தைக் காட்டை ஒட்டிய ஊராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, குப்பைக் கிடங்கைக் காட்டின் வாசலிலிருந்து தள்ளிக்கொண்டுபோக இடமும் வண்டியும் வாங்கித் தரலாம். முதல் வண்டி சோமையம்பாளையத்துக்குப் போகட்டும்.